மாந்தோப்பு ஏக்கர் 60 லட்சம்: இந்த விலையை யார் வைக்கிறார்கள்?

கேள்வி: சூளகிரி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. விளைச்சலில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. தரகரோ ஏக்கர் 60 லட்சத்துக்குப் போகும் என்கிறார். நிலத்தின் விலை எப்படித்தான் உருவாகிறது? இப்போது விற்கலாமா?

என் அப்பா கிருஷ்ணகிரி பக்கம் பத்திரம் எழுதியவர். பள்ளி விடுமுறையில் அவர் அருகில் உட்கார்ந்து செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லையை, சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. அங்கே பார்த்ததும், பிறகு எங்கள் வீட்டிலேயே பட்டதும் சேர்ந்துதான் இந்தப் பதில்.

முதலில் மாமரத்தின் கணக்கு. செலவு போக ஏக்கருக்கு வருஷம் 60,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீத வட்டிக்கு 10 லட்சம் போட்டாலும் அதே 60,000 வரும். ஆக, நம் பக்கம் விளையும் பெங்களூரா ரக மாங்காய் உங்கள் நிலத்துக்குக் கொடுக்கும் விலை 10 லட்சம். மிச்சம் 50 லட்சம் தோப்புக்கு வெளியே இருந்து வருகிறது.

மனைப்பிரிவு போடுபவர் கடைசியில் மனை விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார். ஒரு ஏக்கர் 43,560 சதுரடி. ரோடு, பூங்கா எல்லாம் போக 26,000 சதுரடி தேறும் என்று வைப்போம். சதுரடி 500 ரூபாய்க்கு விற்றால் 1 கோடியே 30 லட்சம். அதில் அங்கீகாரம், ரோடு போடும் செலவு, வாங்கிய பணத்துக்கு வட்டி, அத்தனை மனையும் விற்றுத் தீரும் காலம், தன் லாபம் எல்லாவற்றையும் கழிக்கிறார். கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் காதுக்கு வரும் 60 லட்சம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மனை சதுரடிக்கு 100 ரூபாய் கூடப் போகும் என்று அவர் நம்பினால் போதும், ஏக்கருக்கு 26 லட்சம் ஏறிவிடும். நம்பிக்கை 100 ரூபாய் சரிந்தால் அதே 26 லட்சம் காணாமல் போகும். சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை) வருகிறது, ரிங் ரோடு வருகிறது என்ற பேச்சுக்கே விலை குதிப்பதன் காரணம் இதுதான்.

தானியம் விலை கூடியதால்தான் நிலவாடகை கூடுகிறது, வாடகை கூடியதால் தானியம் விலை ஏறவில்லை என்று பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதினார். நம் பக்கம் தானியத்தின் இடத்தில் மனை நிற்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

இதில் மாநில எல்லைக்கும் பங்கு உண்டு. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க நெடுங்காலம் சட்டத் தடை இருந்தது. 2020இல்தான் அதை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. பெங்களூரில் சம்பாதித்தவர் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் பக்கம் வந்தால் தோப்போடு வாங்கலாம். அந்தப் பணத்தின் அலை சூளகிரி வரை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

தக்காளிக்கு ராயக்கோட்டை மண்டியில் தினமும் ஏலம் உண்டு, விலை எல்லோருக்கும் தெரியும். நிலத்துக்கு அப்படி மண்டி இல்லை. ஒரு ஊரில் வருஷத்துக்கு நாலைந்து கிரயம் நடந்தால் அதிகம். ரோட்டோரம் ஒருவர் 60க்குக் கொடுத்தார் என்றால், தடமே இல்லாத உள்காட்டு நிலக்காரரும் 60 என்கிறார். சந்தை விழும்போது விலை இறங்குவதும் வெளியே தெரியாது; யாரும் விற்பதில்லை, கிரயம் நின்றுபோகிறது. அந்த நாளில் விற்றே ஆகவேண்டியவருக்கு மட்டும்தான் உண்மையான விலை தெரியவரும்.

அப்படி விற்றவர்கள் நாங்கள். அக்கா கல்யாணத்துக்கு ஒன்றரை ஏக்கர். தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அது வாங்க வந்தவருக்குத் தெரியும். "பெரியவரே, அவசரம் உங்களுக்குத்தானே, நான் அடுத்த மாசம்கூட வர்றேன்" என்று எழுந்தார். கூட்டுப் பட்டா, அதாவது பலர் பெயரில் சேர்ந்திருக்கும் பட்டா, அதனால் சித்தப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தார். ஊரில் எல்லோர் பத்திரத்தையும் எழுதிய என் அப்பா, தன் நிலத்தை அவர் கேட்ட விலைக்கே கொடுத்தார். மண்ணில் குறை எதுவும் இல்லை. வாங்க வந்தவருக்கு நாள் இருந்தது, எங்களுக்கு இல்லை. நில பேரத்தில் இதைவிடப் பெரிய பலம் எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, பத்திரத்தில் எழுதும் விலை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதை மிச்சம் பிடிக்க வாங்குபவர் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை மட்டும் எழுதி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார். மிச்சம் அவருக்கு. நகர எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. முழு விலையை எழுதினால் விற்பவருக்கு நஷ்டம் இல்லை. நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறும்கூட. அதோடு 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சுற்றுப்புறத்தில் 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கிறது. ஊரே குறைத்து எழுதியிருந்தால் அந்தச் சராசரியும் குறையும். அடுத்த வீட்டுக்காரரின் நிலத்துக்கு நாளை கிடைக்கும் இழப்பீட்டை இன்று நம் கையெழுத்து குறைக்கிறது. இதைப் பலரிடம் சொல்லி மாய்ந்திருக்கிறேன்.

விற்கலாமா என்றால், கல்யாணம், கடன் என்று கழுத்தில் கத்தி இல்லாதவரை அவசரம் வேண்டாம். தரகர் சொன்ன 60ஐ ஒதுக்கி வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் உங்களைச் சுற்றியுள்ள சர்வே எண்களுக்கு வில்லங்கம், அதாவது பதிவான கிரயங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள், பணம் கட்டத் தேவையில்லை. கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை), கிரயத் தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் உள்ளது குறைத்து எழுதிய தொகையாக இருக்கலாம். விற்றவரை நேரில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கூட்டுப் பட்டாவாக இருந்தால் இப்போதே பிரித்துத் தனிப் பட்டா வாங்குங்கள், உடன்பிறந்த பெண்களின் பங்கையும் விடாமல். வண்டித் தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுத்து 11 மாதக் கிரய அக்ரிமென்ட் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த 11 மாதமும் உங்கள் நிலத்தை அவர் வேறொருவரிடம் விலை பேசுவார், ஏறினால் லாபம் அவருக்கு.