காலை விற்பனை ஏன் முந்தைய நாள் கணக்கில் விழுகிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காலை 6 மணிக்கே திறக்கும் கடையின் அறிக்கையில், 8 மணிக்கு முந்தைய விற்பனை நேற்றைய தேதியில் சேர்ந்திருக்கும். டேட்டாபேஸில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பதிவாவதே காரணம். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னே. இங்கே மார்ச் 5 காலை 7 மணி என்றால், லண்டனில் இருக்கும் அண்ணனுக்கு இன்னும் மார்ச் 4 இரவு 11தான். அதே கணக்கு.

அறிக்கைக்கான வினவலில் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளையில்) முதலில் நேரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகே தேதியைப் பிரித்தெடுங்கள். மார்ச் 5 மட்டும் வேண்டுமா? யூடிசி மார்ச் 4, 16:00 முதல் மார்ச் 5, 16:00-க்கு முன்வரை தேடுங்கள், தேடலை வேகமாக்கும் பட்டியலான இண்டெக்ஸும் வீணாகாது. 1981-ஆம் ஆண்டுப் பதிவுகள் இருந்தால் (அப்போது தீபகற்ப மலேசியாவில் வித்தியாசம் ஏழரை மணிதான்) வெறும் 8-ஐக் கூட்டாமல் கோலாலம்பூர் நேர மண்டலத்தின் பெயரையே கொடுங்கள்.

சர்வர் கடிகாரம் தவறு என்று நினைத்துச் சேமித்த நேரங்களைத் திருத்திவிடாதீர்கள். அவை சரி, பிழை வினவலில்தான்.