ஐந்து நாள் அந்தமான்: எந்தக் கடலில் இறங்குவது?

கேள்வி: மே கடைசி வாரத்தில் கணவர், ஒன்பது வயது மகனோடு ஐந்து நாள் அந்தமான் போக இருக்கிறோம். ஸ்கூபா டைவிங் என் நெடுநாள் ஆசை. ஆனால் நீச்சல் தெரியாது. போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஒவ்வோர் இரவு என்று டிராவல்ஸ்காரர் திட்டம் போட்டிருக்கிறார். கடைசி நாள் காலையில் நார்த் பேயில் ஸ்கூபா, பகல் ஒரு மணிக்குச் சென்னை விமானம். மகனுக்குப் பத்து வயது என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். ஜானீஸ் கார்ஜ் என்ற இடத்தில் பெரிய மீன் கூட்டங்களை வீடியோவில் பார்த்தேன். அங்கே போக முடியுமா? எந்த இடம் நல்லது? – வாசகி, ஈரோடு

பதில்: முதல் வேலையாக அந்தக் கடைசி நாள் ஸ்கூபாவைத் திட்டத்திலிருந்தே அடித்துவிடுங்கள். கடலுக்கடியில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்து அழுத்தம். நைட்ரஜன் போய்த் தீருமுன் அங்கே ஏறினால் அது உடலுக்குள்ளேயே குமிழியாகலாம். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகக்கூடிய விஷயம் இது. ஒரே ஒரு முறை மூழ்கியவர் பறக்க 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பல முறை மூழ்கியவர் 18 மணி நேரம். காலை எட்டு மணிக்கு மூழ்கிவிட்டு ஒரு மணி விமானம் என்று திட்டம் போட்டவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் போட்டாரா என்று நீங்களே கேளுங்கள்.

குறுகிய பயணத்தில் ஸ்கூபாவை முன்னால் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. கடல் ஒரு நாள் முரண்டு பிடித்தால் மறுநாள் கையில் இருக்க வேண்டும். அதனால் நீல் தீவை விட்டுவிடுங்கள். அழகான தீவுதான், டைவிங்கும் உண்டு. ஆனால் ஐந்து நாளில் மூன்று தீவு என்றால் பெட்டியைக் கட்டுவதும் ஜெட்டியில் வரிசையில் நிற்பதுமாகவே பொழுது போய்விடும். முதல் நாள் காலை விமானத்தில் இறங்கி, பிற்பகல் கப்பலில் நேரே ஹேவ்லாக் போய்விடுங்கள். கப்பலைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரப் பயணம். மூன்று இரவும் அங்கேயே. இரண்டாம் நாள் காலை டைவிங்; அன்று முடியாவிட்டால் மூன்றாம் நாள். நான்காம் நாள் போர்ட் பிளேர் திரும்பி செல்லுலார் சிறையைப் பாருங்கள். டிக்கெட்டில் ஸ்வராஜ் தீவு, ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக்குக்கு 2018-லும் போர்ட் பிளேருக்கு 2024-லும் வைத்த பெயர்கள் அவை.

நார்த் பே ஏன் வேண்டாம்? போர்ட் பிளேருக்கு எதிரிலேயே இருப்பதால் படகு படகாகக் கூட்டம் வந்து இறங்கும் இடம் அது. ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்பவருக்கு அதுவும் சரிதான். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஜானீஸ் கார்ஜ் இந்த முறை கிடையாது. அங்கே பாறைகளே இருபது மீட்டருக்குக் கீழேதான் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாத முதல் முறைக்காரரை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போகக் கூடாது. முறையான ஓபன் வாட்டர் படிப்பு முடித்தவருக்கே 18 மீட்டர்தான் எல்லை. அந்தப் படிப்புக்கு மூன்று நான்கு நாளும் 200 மீட்டர் நீச்சலும் வேண்டும். உங்களுக்கு ஏற்றது ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். மணல் தரை என்பதால் சில நாள் தண்ணீர் கலங்கலாக இருக்கும். ஆனால் கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் ஒளிந்து விளையாடுவதைப் பார்க்க ஆழம் தேவையில்லை.

இந்த அறிமுக டைவிங்குக்கு நீச்சல் கட்டாயமில்லை. பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். ஒருவருக்கு ஒருவர்தானா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, மூக்கை மறந்து வாயால் மட்டும் மூச்சு விடப் பழக்குவார்கள். முதல் நாலைந்து மூச்சுக்கு நெஞ்சு படபடக்கும். அது எல்லோருக்கும் வருவதுதான். அடங்காமல் கீழே போக ஒப்புக்கொள்ளாதீர்கள். இறங்க இறங்கக் காது அடைக்கும். வலி தொடங்குமுன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். பத்து மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே சளி பிடித்திருந்தால் அன்று டைவிங் இல்லை. இன்னொன்று: சந்தோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிடாதீர்கள். நீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். கொடுத்த காசு வீணாக உங்களை மேலே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நலமாக இருக்கிறேன் என்பதற்கு ஆட்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். உள்ளதை எழுதுங்கள்.

மகன் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஸ்கூபாவுக்குப் பத்து வயது என்ற வரம்பு டிக்கெட் பரிசோதகரை ஏமாற்றி அரை டிக்கெட்டில் போகிற விவகாரம் அல்ல. பதறிப்போன குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், நுரையீரலுக்குள் விரிகிற காற்று நுரையீரலையே கிழித்துவிடும். நீங்களும் கணவரும் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்குங்கள், மற்றவர் மகனோடு கரையில் இருக்கட்டும். அவனை எலிஃபன்ட் பீச்சுக்கு அழைத்துப்போய், மிதவைச் சட்டை மாட்டி, ஸ்நார்க்கெலிங் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயால் மூச்சு விட்டுக் கீழே பார்ப்பது) செய்ய வையுங்கள். பவளப்பாறை அங்கே மேலேயே தெரியும்.

கடைசியாக, தேதி. தென்மேற்குப் பருவமழை அந்தமானில் தொடங்கியது என்று செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் மே மூன்றாம் வாரத்தில்தான். நீங்கள் போவது அதற்கும் பிறகு. காற்று மாறிக் கப்பலை நிறுத்திவிட்டால் ஹேவ்லாக்கிலேயே மாட்டிக்கொண்டு விமானத்தைத் தவறவிடவும் நேரலாம். பள்ளித் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரத்தில் கிளம்பிவிட முடிந்தால் கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். விடுமுறை மே கடைசியில்தான் என்றால் அந்தமானை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு இலங்கையின் திருகோணமலையைப் பாருங்கள். அந்தக் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் கடல் அடங்கியிருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவில் உங்கள் மகனுக்கும் ஸ்நார்க்கெலிங் உண்டு.