கிட்டார் வால்யூம் கண்ட்ரோலில் கரகரப்பு

வணக்கம். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) கொண்ட உங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது என்றும், கிளீனர் அடித்தும் இரண்டே வாரத்தில் அது திரும்பிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். குமிழின் கீழுள்ள கண்ட்ரோலுக்குள் கார்பன் தடம் தேய்ந்திருக்க வேண்டும்; கண்ட்ரோலையே மாற்றிவிடுவது நல்லது.

250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர் (ஒலி காதுக்குச் சீராகக் கூடிக் குறையும் வகை) கண்ட்ரோல் வாங்குங்கள். ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) உரிய 500 கிலோ ஓம் போட்டால் ஒலி காதைக் குத்துமளவு கூர்மையாகிவிடும். கடைக்குப் போகும் முன் பிக்கார்டில் (கிட்டாரின் முகப்புத் தகடு) கண்ட்ரோல் பொருந்தும் துளையை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் அமெரிக்க வகைக் கண்ட்ரோலுக்கு 3/8 அங்குலத் துளை வேண்டும், பல ஆசியத் தயாரிப்புகளில் அது சிறியது.

பழைய கம்பிகளைக் கழற்றும் முன் படம் எடுத்துவிடுங்கள். பலர் தடுமாறுவது கிரவுண்ட் (பொது இணைப்பு) கம்பியைக் கண்ட்ரோலின் முதுகில் பற்றவைக்கும் இடத்தில்தான்: அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அகன்ற முனையுள்ள நல்ல வாட் சால்டரிங் அயர்னை வைத்து, ஈயம் பளபளவென்று பரவியதும் உடனே எடுத்துவிட வேண்டும். சக்தி குறைந்த அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் புதிய கண்ட்ரோலின் தடமே கருகிவிடும். கண்ட்ரோலின் மூன்று இணைப்புக் கால்களில் மூன்றாவதையும் அதே முதுகோடு இணைக்க மறவாதீர்கள்.