பற்பசையில் கடற்பாசிப் பசை: வாய்ப்புண்ணுக்கு அதுதான் காரணமா?

கேள்வி: டாக்டர், எனக்கு மாதம் ஒருமுறையாவது வாய்ப்புண் வருகிறது. எங்கள் பற்பசை டப்பாவில் ‘கராஜீனன்’ என்று போட்டிருக்கிறது. அது கடற்பாசிப் பசை, குடற்புண்ணும் புற்றுநோயும் வரவைக்கும் என்று போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் 5 வயது மகன் பற்பசையைத் துப்பாமல் விழுங்குகிறான். பயமாக இருக்கிறது. (வாசகி, பெகு, மியான்மர்)

பதில்: சகோதரி, வீட்டில் சௌச்சோ (பர்மியக் கடற்பாசி இனிப்பு) காய்ச்சியிருப்பீர்கள். கடற்பாசி கரைந்த தண்ணீரில் தேங்காய்ப்பாலைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், பால் மேலே வெள்ளையாகத் திரண்டு நிற்கும். அடியில் கண்ணாடி மாதிரி உறையும். அந்தக் கடற்பாசிதான் அகர். பாம்பன், மண்டபம் கரையில் பெண்கள் கடலில் இறங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். கராஜீனன் அதற்குப் பங்காளி முறை. இரண்டுமே சிவப்புப் பாசியில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். பற்பசையில் பொடியும் தண்ணீரும் சௌச்சோ மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடக் கூடாது, பிதுக்கினால் பிரஷ்ஷில் வடியாமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இதைச் சேர்க்கிறார்கள்.

அப்புறம் அந்தப் புற்றுநோய்ச் செய்தி எங்கிருந்து வந்தது? கராஜீனனைக் கடும் அமிலத்தில், அதிகச் சூட்டில் வைத்துச் சங்கிலியைத் துண்டு துண்டாக உடைத்தால் பாலிஜீனன் என்ற வேறு பொருள் கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் எலிகளின் குடலைப் புண்ணாக்கியது அதுதான். அதை உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது. உடைக்காத கராஜீனன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெயர் ஒட்டியிருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உங்களைப் போன்ற தாய்மார்களை இது வீணாக அலைக்கழிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் புண்ணுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது நுரை வரவைக்கும் சோடியம் லாரைல் சல்பேட்டை. சிலருக்கு அது வாயின் உள்தோலை அரித்து, புண் அடிக்கடி வரச் செய்யும். அது இல்லாத பற்பசையை இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். நுரை குறைவாக வரும், அவ்வளவுதான். புண் குறையாவிட்டால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாம்.

பையன் விஷயத்தில் கவனம் வேண்டும், ஆனால் பாசிக்காக இல்லை, ஃப்ளோரைடுக்காக. பல் உருவாகும் வயதில் தினமும் அதிகம் விழுங்கினால் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டு விழும். அதற்காக ஃப்ளோரைடையே நிறுத்திவிடாதீர்கள், சொத்தை வரும். பட்டாணி அளவு போதும். நீங்களே பிதுக்கிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். வீட்டில் யாராவது குன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) போடுகிறார்களா? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாள் முழுக்கக் கன்னத்தில் அடங்கிக் கிடப்பது வாய்ப் புற்றுநோய்க்குச் சந்தேகமில்லாத காரணம். புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான். யார் வாயிலாவது இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலமோ இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.