மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் கோபி மைனூவை அளவுக்கு மீறித் தூக்கி வைக்கிறார்களா? 2024-க்குப் பிறகு அவர் ஆட்டம் வளரவே இல்லையே?

யுனைடெட்டின் இந்த இளம் நடுக்கள வீரரைத் தூக்கி வைக்கிறோம், மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், அப்புறம் கமென்ட்டில் வந்து கேட்க வேண்டாம். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என்னிடம் கொஞ்சம் நீளமான பதில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 1, வியாழக்கிழமை இரவு. பிரீமியர் லீகில் வுல்வ்ஸ் அணியுடன் அவர்கள் ஊரில் ஆட்டம். நமக்கு வெள்ளி விடியற்காலை ஒன்றே முக்காலுக்கு ஆரம்பம். 85-வது நிமிடம் வரை 3-1 என்று முன்னிலை; கூடுதல் நேரத்தில் 3-3. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் லேப்டாப் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, 'இதற்காகவா கண் விழித்தேன்' என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். 97-வது நிமிடத்தில் பெனால்டி பாக்ஸுக்கு இடப்பக்கம் பந்து மைனூவிடம் வருகிறது. சுற்றி மஞ்சள் சட்டைகள். பதறி உதைக்கவில்லை. ஒருவரின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்து, தூரத்துக் கம்பத்தின் ஓரமாகச் சுருட்டிவிட்டார். 4-3. அப்போது அவருக்கு வயது பதினெட்டே முக்கால். நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்ததில் நாற்காலி சாய்ந்து, அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டது தனிக்கதை.

அவரை எடைபோடுவதில் நாங்கள் செய்த தப்பு அந்த இரவில்தான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். அதன் பிறகு ஏப்ரலில் லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோல், மே மாதம் எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஒரு கோல். மூன்றுமே ரீல்ஸில் ஓடிக்கொண்டே இருக்கிற ரகம். பையன் கோல் அடிப்பான் என்று மனதில் பதிந்துவிட்டது. அவர் கோல் அடிக்காத வாரமெல்லாம் 'தேங்கிவிட்டான்' என்று எழுத ஆரம்பித்தோம்.

உண்மையில் அவருடைய பிழைப்பு கோல் அடிப்பதில் இல்லை. முதுகில் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பந்தை வாங்கித் திரும்புவதில் இருக்கிறது. இது டிவியில் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். எவ்வளவு கஷ்டம் என்று நான் புரிந்துகொண்டது எங்கள் ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் ஆட்டத்தில்தான். ஐந்து பேர் அணி, பக்கத்து ஃபிளாட் கல்லூரிப் பையன் என் முதுகில். எங்கள் கோல்கீப்பர் பந்தை என்னிடம் தள்ளினார். வாங்கினேன், திரும்பினேன், பந்து இல்லை. எங்கே போனது என்று பார்ப்பதற்குள் வலையில் இருந்தது. 'அண்ணா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாருங்க' என்றான் அவன். அவ்வளவுதான் விஷயம். பந்து வந்துகொண்டிருக்கும்போதே கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருப்பவனைப் பார்த்து, அவன் எந்தத் தோளில் சாய்கிறானோ அதற்கு எதிர்ப் பக்கம் இடுப்பை அசைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மைனூ இதை பிரீமியர் லீக் வேகத்தில், தன் அணியின் கோலுக்கு இருபது கெஜம் தள்ளி நின்று செய்கிறார். தவறினால் கோல். தவறாவிட்டால் எதிரணியின் மூன்று பேர் ஒரே தொடுதலில் கழன்றுபோகிறார்கள். யாரும் கைதட்ட மாட்டார்கள், கணக்குப் புத்தகத்தில் கோலாகவோ அசிஸ்ட்டாகவோ ஏறாது.

ஸ்டாக்போர்ட்டில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இருந்தபோதே யுனைடெட் அகாடமிக்கு, அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளிக்கு, வந்தவர் மைனூ. 2022-இல் எஃப்ஏ யூத் கோப்பை வென்ற அணியில் முன்கள வீரர் கர்னாச்சோவோடு இருந்தார். 2023 ஜனவரியில் சார்ல்டனுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் அறிமுகம். அந்தக் கோடையில் ரியல் மாட்ரிட்டுடன் நட்பு ஆட்டத்தில் காயம், நவம்பர் வரை காத்திருப்பு. பிறகு எவர்ட்டன் மைதானத்தில் லீகில் முதல் முறையாகத் தொடக்க அணியில். அன்றைக்குக் கர்னாச்சோ அந்தரத்தில் பல்டியடித்துப் போட்ட கோலைத்தான் உலகம் பேசியது. நடுவில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் தெருவில் ஆடுவதுபோல நிதானமாக ஆடிக்கொண்டிருந்ததை அன்று கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நானும் கவனிக்கவில்லை, மறுநாள் ஹைலைட்ஸில்தான் பார்த்தேன்.

ஆறே மாதத்தில் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், அடுத்து யூரோ 2024. இங்கிலாந்து பயிற்சியாளர் சவுத்கேட், நடுக்களத்தில் டெக்லன் ரைஸுக்குப் பக்கத்தில் முதலில் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டை வைத்துப் பார்த்தார், அடுத்து காலகரை வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒட்டவில்லை. மைனூவை வைத்தார், ஸ்லோவாக்கியா ஆட்டத்திலிருந்து பெர்லின் இறுதிப் போட்டி வரை தொடக்க அணியிலிருந்து எடுக்கவே இல்லை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ரைஸ் ஓடிக்கொண்டே இருக்கிற மனிதர். இவர் விட்ட இடத்தையெல்லாம் அவர் அடைப்பார். அந்த ஜோடியில் மைனூவுக்கு அவருக்குத் தெரிந்த வேலை மட்டும் கிடைத்தது.

சரி, பிறகு என்ன ஆனது? யுனைடெட் பயிற்சியாளர் டென் ஹாக்கை 2024 அக்டோபரில் அனுப்பினார்கள், நவம்பரில் அவர் இடத்துக்கு ரூபன் அமோரிம் வந்தார், கூடவே அவருடைய 3-4-3 (பின்னால் மூவர், நடு வரிசையில் நால்வர், முன்னால் மூவர்). இந்த அமைப்பில் அந்த நால்வரில் மைதானத்தின் நடுவில் இரண்டே பேர். பக்கவாட்டில் இருப்பவர்கள் கோட்டை ஒட்டி மேலே போய்விடுவார்கள், முன்னால் இருக்கிற மூவர் எதிரணியை நெருக்கப் போய்விடுவார்கள். மைதானத்தின் அகலம் முழுக்க அந்த இருவர் தலையில். பந்து பறிபோனால் முப்பது, நாற்பது கெஜம் பின்னால் ஓடி வர வேண்டும். மைனூ வேகமான ஓட்டக்காரர் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் அமோரிம் அவரை மேலே தள்ளிப் பார்த்தார். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஸ்ட்ரைக்கர் இடத்தில்கூட நிறுத்தினார், 0-2 தோல்வி. மிருதங்கக்காரரை நாதஸ்வரம் வாசிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் 2025 ஏப்ரலில் லியோனுடன் நடந்த யூரோப்பா லீக் ஆட்டத்தில் ஓல்ட் டிராஃபோர்டு பாதி காலியாகத் தொடங்கிய நேரத்தில், 120-வது நிமிடத்தில் பெனால்டி பாக்ஸுக்குள் நிதானமாக ஒரு அடி எடுத்து வைத்து 4-4 ஆக்கியதும் இதே ஆள்தான். அடுத்த நிமிடம் மெக்வயர் தலையால் முட்டி 5-4. எனவே அமோரிமுக்கும் அவர் திறமை தெரியாமல் இல்லை. தன் கட்டடத்தில் அந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த சீசனில் நிலைமை இன்னும் மோசம். புரூனோ ஃபெர்னாண்டஸைக் கீழே இறக்கி நடுவில் ஆடவைத்தார் அமோரிம். மைனூ புரூனோவுடன் அந்த இடத்துக்குப் போட்டி போட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். புரூனோ அணித்தலைவர், உடம்பு முடியாமல் உட்கார்ந்தால்தான் உண்டு. கிரிம்ஸ்பி என்ற நான்காம் நிலை அணியிடம் பெனால்டியில் தோற்ற லீக் கோப்பை ஆட்டம் ஒன்றில் தொடக்க அணியில் இருந்தார். லீகிலோ அமோரிம் இருந்தவரை ஒரு முறைகூட இல்லை. வேறு கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக) விடுங்கள் என்று கேட்டும் விடவில்லை. டிசம்பரில் போர்ன்மவுத்துடன் 4-4 என முடிந்த ஆட்டத்துக்கு, அவரை 'விடுதலை செய்யுங்கள்' என்று அச்சடித்த டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு அவர் குடும்பத்தில் ஒருவரே வந்து நின்றார். குடும்பத்தார் இதில் தலையிட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அது இருக்கட்டும்.

நீங்கள் 'வளரவில்லை' என்று சொல்கிற காலம் இதுதான். இருபது வயதில் ஒரு பையனை அரை சீசன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வளர்ச்சியை அளந்தால் எந்த அளவுகோலும் பூஜ்யம்தான் காட்டும்.

அதற்காகக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைகள் இருக்கின்றன, இரண்டு வருஷமாக அதே குறைகள்தான். தன்னைத் தாண்டி ஓடுகிறவனைத் துரத்துவதில் மந்தம். சில சமயம் கையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார், பார்க்கும்போது எரிச்சலாக வரும். திரும்பிவிட்ட பிறகு அவர் கொடுக்கிற பாஸ் பெரும்பாலும் பக்கத்து ஆளுக்குத்தான் போகிறது. அந்தக் கோடியில் ஓடுகிறவனுக்கு நாற்பது கெஜம் தூக்கிப் போடுகிற பழக்கம் இன்னும் வரவில்லை. முழுப் பூட்டையும் திறந்துவிட்டு உள்ளே போகாமல் வாசலில் நிற்பது மாதிரி. எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது குறைதான். முதலாவதைப் பக்கத்தில் ஓடுகிற ஆளை வைத்துச் சமாளித்துவிடலாம், இங்கிலாந்து அதைச் செய்து காட்டிவிட்டது.

இன்னொரு விஷயம். சொந்த அகாடமிப் பையன் என்றால் ரசிகர்கள் நாக்கு இரண்டு விதமாகப் பேசும். 1937 அக்டோபர் முதல் யுனைடெட்டின் ஒவ்வொரு ஆட்டத்துக்கான அணியிலும் அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார் என்பது கிளப்பின் பெருமை. அதனால் முதல் ஆறு மாதம் வீட்டுப் பிள்ளை, தலையில் தூக்கி வைப்போம். அப்புறம் வீட்டுப் பிள்ளை என்பதாலேயே உரிமையோடு திட்டுவோம். எழுபது மில்லியன் கொடுத்து வாங்கியவருக்கு 'பழகட்டும், ஒரு வருஷம் ஆகும்' என்று சலுகை. இவருக்கு அது கிடையாது.

இன்னொரு அகாடமிப் பையனான நடுக்கள வீரர் மெக்டாமினே விஷயத்தில் நான் இதைச் செய்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். 'பாஸ் கொடுக்கத் தெரியாது, விற்றால் நல்லது' என்று இதே தளத்தில் எழுதியிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் நாப்போலிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அங்கே பயிற்சியாளர் கான்டே அவரைப் பெனால்டி பாக்ஸுக்குள் ஓடவிட்டார். 12 லீக் கோல், இத்தாலியச் சாம்பியன் பட்டம், சீரி ஆ தொடரின் சிறந்த வீரர் விருது, எல்லாம் ஒரே சீசனில். அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை, யாராவது தோண்டி எடுத்துப் போட்டால் வாங்கிக்கொள்கிறேன்.

மைனூவை விற்றுவிடுவார்கள் என்ற பயமும் எங்கள் பேச்சில் கலந்திருக்கிறது. காரணம் கணக்கு. வெளியிலிருந்து வாங்கிய வீரரை விற்றால், வாங்கிய விலையில் இன்னும் கழிக்காமல் மிச்சம் நிற்கும் தொகையைக் கழித்துத்தான் லாபம் எழுத முடியும். அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது, வருகிற பணம் முழுக்க லாபம். செலவுக் கட்டுப்பாட்டு விதிகள் கழுத்தை நெரிக்கும்போது கிளப்புகளின் கண் முதலில் போவது இவர்கள் மீதுதான். செல்சி தன் அகாடமிப் பையன்களில் மவுன்ட்டை விற்றது, அடுத்த வருஷம் காலகரை விற்றது. அதனால் எங்கள் ஆட்கள் மைனூவைப் புகழும்போது பாதி, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. மீதி, 'விற்றுவிடாதீர்கள்' என்ற மனு. வெளியே இருந்து பார்க்கிற உங்களுக்கு அது மிகையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

2026 ஜனவரி 5-ஆம் தேதி அமோரிம் போனார். இடைக்காலப் பொறுப்பு யுனைடெட்டின் முன்னாள் நடுக்கள வீரர் மைக்கேல் கேரிக்கிடம் வந்தது. 17-ஆம் தேதி சிட்டியுடன் ஆட்டம். காசெமிரோவுக்குப் பக்கத்தில் மைனூ, பின்னால் நான்கு பேர், புரூனோ மேலே அவருடைய பழைய இடத்தில். 2-0 வெற்றி. அந்த சீசனில் லீகில் மைனூ தொடக்க அணியில் இறங்கிய முதல் ஆட்டம் அது. கோலும் அவருடையது இல்லை. ஆனால் சிட்டி நெருக்க வரும்போதெல்லாம் பந்தை அவரிடம் தள்ளிவிட்டுப் பின்வரிசையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அரை வருஷம் ஆடாதவர் ஆட்டம் போல அது இல்லை.

கேரிக் கையில் இவர் வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். கேரிக்கும் ஓடிப் பிடிக்கிற ரகம் இல்லை. யுனைடெட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 25, அதுவரை வெஸ்ட் ஹாம், டோட்டன்ஹாம். ஓல்ட் டிராஃபோர்டிலும் முதல் சில வருஷம் 'பக்கவாட்டில் பாஸ் கொடுக்கிறவன்' என்றே திட்டு வாங்கினார். அவர் அருமை நிறையப் பேருக்குப் புரிந்தது முப்பதைத் தொட்ட பிறகுதான். மைனூவுக்கு 2026 ஏப்ரலில்தான் 21 முடிகிறது. அந்த நாற்பது கெஜப் பாஸை சொல்லிக்கொடுக்க கேரிக்கை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த முறை யுனைடெட் ஆட்டம் பார்த்தால் ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு மைனூவின் கழுத்தை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணுங்கள். நான் போன ஞாயிறு டர்ஃபில் அதை முயன்று பார்த்தேன். பந்து வருவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன், அதே கல்லூரிப் பையன் நின்றிருந்தான். இந்தத் தடவையும் பந்து போய்விட்டது, யாரிடம் போனது என்று மட்டும் தெரிந்திருந்தது.