வாசகர் கேள்வி பதில்: அலாய் வீல்ல கோடு விழுந்தா பெயிண்ட், கிராக் விழுந்தா காயலான் கடை

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஸ்விஃப்ட் வாங்கினேன் சார். பழைய ஓனர் வெளிய வாங்கி மாட்டின 16 இன்ச் அலாய், கருப்பு கலர், முகப்பு மட்டும் மெட்டல் பளபளன்னு தெரியற டைமண்ட் கட். ஓரமெல்லாம் பிளாட்பாரத்துல உரசி சொரசொரன்னு கெடக்கு, மேல அடிச்ச நிறமில்லாத கிளியர் கோட்டுக்கு அடியில வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி கோடு வேற. பெயிண்ட் பவுடரைத் தூவி சூட்டுல வேக வைக்கற பவுடர் கோட்டிங் குடுங்கன்னு கடைக்காரர் சொல்றார், ஸ்ப்ரே கேன் வாங்கி நீயே அடிடான்னு ஃப்ரெண்டு சொல்றான். யார் பேச்சைக் கேக்கறது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ரெண்டு பேரையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. முதல்ல வீலைக் கழட்டி பின்பக்கத்தை சோப்பு போட்டு கழுவுங்க. எல்லாரும் முன்னாடி அழகைத்தான் பாக்கறாங்க, ஆனா கிராக் முக்கால்வாசி உள்பக்க விளிம்புலதான் ஆரம்பிக்கும். சந்தேகமா இருந்தா பழைய ஒர்க்‌ஷாப் வித்தை ஒண்ணு இருக்கு, அந்த இடத்துல மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விட்டு நல்லா தொடச்சிட்டு சாக்பீஸ் தூளைத் தேய்ங்க, கிராக் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு தூள் மேல ஈரக்கோடு தெரியும். அது தெரிஞ்சா பெயிண்ட் பேச்சே வேணாம்.

இல்லைன்னா தாராளமா வீட்லயே பண்ணலாம். அந்த வெள்ளைக் கோடு என்னன்னா, கோட்டிங் உடைஞ்ச இடத்துல தண்ணி புகுந்து அலுமினியம் அரிக்குது, அதனால அது மேலயே பெயிண்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல மறுபடி கொப்புளிக்கும், மெட்டல் தெரியற வரைக்கும் சுரண்டியே ஆகணும். எமெரி பேப்பர் 120ல ஆரம்பிச்சு 240, 400னு போங்க, விளிம்புல இருக்கற பிசிறை மட்டும் ஃபைல் போட்டு எடுங்க. சின்னப் பள்ளத்துக்கு அலுமினியம் கலந்த எபாக்சி புட்டி மெல்லிசா வைக்கலாம். அப்புறம் தின்னர்ல தொடச்சு, அலுமினியத்துல புடிக்கற எட்ச் ப்ரைமர், அது மேல கலர், கடைசியா கிளியர், எல்லாமே மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு. டயரைக் கழட்ட முடியலன்னா காத்தைக் கொஞ்சம் எறக்கிட்டு ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல பழைய கல்யாணப் பத்திரிகைங்களை சுத்தி சொருகிடுங்க, மாஸ்கிங் டேப்பை விட நீட்டா வரும். ஹார்ட்னர் கலக்கற 2கே கிளியர்னா பெயிண்டர் மாஸ்க் இல்லாம கேனைத் தொடாதீங்க, கர்ச்சீப் எல்லாம் கணக்கில்ல. ஆடிக்காத்துல தயவுசெஞ்சு அடிக்காதீங்க, நம்ம ஊரு செம்மண்ணு அத்தனையும் கிளியர் கோட்டுக்குள்ள போயிரும்.

நட்டு உக்கார்ற சாய்வுலயும் ஹப்போட (வண்டில வீல் மாட்டற நடுப்பகுதி) ஒட்டற முகத்துலயும் பெயிண்ட் படவே கூடாது, படிஞ்சா அது நசுங்கி நட்டு லூசாகும். மாட்டி ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி ஒரு தடவை டைட் பாருங்க.

டைமண்ட் கட் லேத்துல செதுக்கி எடுக்கற வேலை, வீட்ல வராது, ஒவ்வொரு தடவையும் மெட்டலும் கொறையும். என்னைக் கேட்டா அதை விட்டுட்டு முழுசா ஒரே கலர் அடிச்சிருங்க. பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், ஆனா 180, 200 டிகிரில வேக வைக்கறதால சாதா புட்டி வச்ச வீலை அதுக்கு அனுப்பாதீங்க, புட்டி தாங்காது.

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரி தாண்டி ஹைவேல பள்ளத்துல எறங்கினதுல இருந்து 80ல போனா ஸ்டியரிங் உதறுது. கேஸ் பர்னர்ல சூடு காட்டி பெண்டு எடுத்துரலாம்னு கடைல சொல்றாங்க. ஓகேவா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேணாம் தம்பி. நெறைய அலாய் வீலை வார்த்த பிறகு கணக்கா சூடு குடுத்துத்தான் பலம் ஏத்தறாங்க, பர்னர்ல காட்டினா அந்த இடத்துல மட்டும் பலம் போயிரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள் விளிம்பு லேசா வளைஞ்சதுன்னா ஹைட்ராலிக் மெஷின்ல மெதுவா எடுக்கற கடையாப் பாருங்க. ஸ்போக்ல கிராக்னா வெல்டிங் வச்சு ஏமாந்துராதீங்க, அதைப் போட்டுக்கிட்டு தொப்பூர் எறக்கத்துல போறது நெனச்சாலே பயமா இருக்கு. வளைவே இல்லாம உதறுதுன்னா ஹப்புக்கும் வீலோட நடு ஓட்டைக்கும் இடைவெளியை அடைக்கற ஹப் ரிங் இருக்கான்னு பாருங்க, வெளிய வாங்கற வீலோட நடு ஓட்டை பெருசா இருக்கும், ரிங் இல்லாம மாட்டினா நடுவுல உக்காராது, எத்தனை பேலன்சிங் பண்ணினாலும் உதறும்.

கேள்வி: போர் தண்ணில கழுவி கழுவி வீல் பூரா வெள்ளைப் புள்ளி. டைல்ஸ் கழுவற ஆசிட் ஊத்தலாமா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: ஊத்தாதீங்கம்மா, கோட்டிங் போன எடத்துல அலுமினியத்தையே தின்னுரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே நம்ம பக்கத்து நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு அதிகம்கறதாலதான், ஆனா வீல்ல படியற வெள்ளைக்கு காரணம் அது இல்ல, கால்சியம் மெக்னீசியம் உப்பு. வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துணில நனைச்சு ஒத்தி, உடனே நல்ல தண்ணில அலசிருங்க. வண்டி ஓட்டிட்டு வந்த சூட்டோட கழுவாதீங்க, கழுவினதும் காய விடாம துணி போட்டுத் தொடைங்க.