புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா?

பாய்மரப் படகு வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு லங்காவியில் படகு இஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் நம் வாசகர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் 34 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். லங்காவிக்குப் போகும் வழியில், பாயார் தீவுக்குப் பக்கத்தில் இஞ்சின் சூடாகி அலாரம் அடித்தது. ஒரு பட்டறையில் இம்பெல்லரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் சூடு. வாரத்துக்கு ஒன்று கெட்டுப்போகிறது, படகே வேண்டாம் என்கிறார் மனைவி. எத்தனை உதிரி பாகம்தான் வாங்கி வைப்பது?
– ஒரு வாசகர், பினாங்கு

பதில்: முதலில் இஞ்சினைப் பார்த்துவிடுவோம் ஐயா. பழைய இம்பெல்லரைக் கழற்றியபோது அதில் எத்தனை இறக்கைகள் மிச்சம் இருந்தன என்று யாராவது எண்ணினார்களா? பெரும்பாலும் எண்ணியிருக்க மாட்டார்கள். கடல்நீர் பம்புக்குள் சுற்றும் அந்த ரப்பர் சக்கரம், தண்ணீர் வராமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகள் எங்கே போகும்? தண்ணீர் போகிற வழியிலேயே போய், கடல்நீரால் இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டவுடன் தண்ணீர் ஓரளவு வரும். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டினால் சூடேறிவிடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுபோலத்தான் இருக்கிறது.

கடல்நீர் வால்வை மூடுங்கள். மூடிய கையோடு இஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். சாவியை எடுக்கும்போதே வால்வைத் திறக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும். இஞ்சின் ஆறியதும் பம்பிலிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர் துண்டுகள் தெரிந்தால் நீள்மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இம்பெல்லரின் மேல் அதனதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இறக்கையும் முழுசாகிற வரைக்கும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பழைய இம்பெல்லரைப் பட்டறைக்காரர் தூக்கிப் போட்டிருந்தால், அந்தக் குழாய்வழி முழுவதையும் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

இம்பெல்லர் ஏன் கெட்டது என்பதையும் பாருங்கள். நம் மலாக்கா நீரிணையில் மிதக்கிற பிளாஸ்டிக் பைக்குக் குறைவில்லை. ஒரு பை வந்து உறிஞ்சுவாயை மூடினால் போதும். இஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் புகையோடு சேர்ந்துதான் வெளியேறும். ஸ்டார்ட் செய்த ஒவ்வொரு முறையும் படகின் பின்பக்கம் போய், புகைக்குழாயில் தண்ணீர் கொப்பளித்து வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓடும்போது காதும் அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் நின்றால் சத்தம் வறண்டு, உரத்துக் கேட்கும். அலாரம் அடிப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

இனி உங்கள் மனைவி சொன்னது. அதைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். இங்கே விற்பனைப் பலகை தொங்கும் படகுகளை நிறையப் பார்க்கிறேன். பலவற்றில் எல்லா வேலையும் கணவர் கையில். இஞ்சின் நின்றதும் அவர் தலையை உள்ளே விட்டுவிடுவார். அந்த அம்மா மேலே தனியாக, படகு எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். யாருக்குத்தான் பயம் வராது? நல்ல வெயில் நாளில், காற்று இருக்கும்போது, வேண்டுமென்றே இஞ்சினை நிறுத்துங்கள். உங்கள் மனைவி பாயை ஏற்றட்டும், அவரே சுக்கானைப் பிடிக்கட்டும், அவரே நங்கூரம் போடட்டும். இந்தப் பக்கம் கரையோரம் ஆழம் குறைவு. காற்று இல்லாவிட்டால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு நிதானமாக ரிப்பேர் பார்க்கலாம். படகு பத்திரமாக நின்ற பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

வாரத்துக்கு ஒன்று கெடுவது உங்கள் கெட்ட நேரம் இல்லை. உப்பும் ஈரமும் ஆட்டமும் சேர்ந்த இடத்தில் எல்லாருக்கும் கெடும். 2017-18-ல் இந்தியக் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தபோது, கேப் டவுனிலிருந்து கோவா திரும்பும் கடைசிக் கட்டத்தில் சுக்கான் இயந்திரம் பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரிஷியஸில் நின்று சரிசெய்துகொண்டுதான் வந்தார்கள். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகை முதலில் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் போன 'சுஹைலி' பம்பாயில் கட்டிய 32 அடித் தேக்குப் படகு. 1968-69-ல் 312 நாள் பயணம். வழியில் வானொலி போயிற்று, தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தது, நன்னீர்த் தொட்டி கெட்டது. பாய்களை ஒத்துப்போகும்படி வைத்து படகைத் தானே போக விட்டார், மழைநீரைப் பிடித்துக் குடித்தார், ஊர் வந்து சேர்ந்தார்.

உதிரி பாகம் வாங்குமுன், 'இது கெட்டால் இது இல்லாமல் போக முடியுமா?' என்று கேளுங்கள். குளிர்பெட்டி இல்லாமல் போகலாம். அதற்கு ஒரு பாகமும் வேண்டாம். இம்பெல்லர், அதன் மூடிக்கான கேஸ்கெட், பெல்ட், இஞ்சின் ஆயில் இல்லாமல் போகாதீர்கள். டீசல் ஃபில்டர் மட்டும் கை நிறைய இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் டாங்கிக்குள் தண்ணீர் கோக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். அமைதியான கடலில் அது அடியிலேயே கிடக்கும். விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்துப் படகு ஆடும்போது மொத்தமாகக் கலங்கி ஃபில்டரை அடைக்கும். அந்த நேரத்தில் ஒரு ஃபில்டர் போதாது. டாங்கியை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள், ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். ஃபில்டர் மாற்றியதும் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது எப்படி என்று இருவரும் துறையில் நிற்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிள்ளானிலிருந்து பூக்கெட் போகையில் நள்ளிரவில் ஆட்டோபைலட் நின்றுவிட்டது. விடியும்வரை நானும் தம்பியும் கையால் சுக்கான் பிடித்துத் துவண்டுவிட்டோம். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: ஆட்டோபைலட்டைக் குறை சொல்லுமுன் மீட்டர் வைத்து பேட்டரியைப் பாருங்கள் தம்பி. வோல்டேஜ் இறங்கினால் பல கருவிகள் தாமாகவே நின்றுவிடும். அடுத்து வயர் முனைகள். பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

கையால் பிடிக்க வேண்டி வந்தால் முதலில் பாயைக் குறையுங்கள். பெரிய பாய் கூடுதலாக இருந்தால் படகு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், கை ஓய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானின் கைப்பிடியான டில்லரைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். பெரும்பாலான படகுகள் மெல்ல நகர்ந்தபடி அடங்கி நிற்கும். டீ போட்டுக் குடிக்கலாம், ஒருவர் படுக்கலாம். இன்னொருவர் மேலே விழித்திருக்க வேண்டும். மலாக்கா நீரிணையில் கப்பல் போகும் தடத்துக்குள் ஒருபோதும் இப்படி நிற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் படகுக் கழிப்பறையின் கைப்பம்பு நாளுக்கு நாள் இறுகுகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.
– ஒரு வாசகி, ஜோகூர்

பதில்: பம்பில் கோளாறு இருக்காது சகோதரி. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து வெளியேற்றும் ஹோஸின் உட்சுவரில் சுண்ணாம்பு போலப் படிந்து, வழி குறுகியிருக்கும். தொடக்கத்திலேயே என்றால் வினிகரை ஊற்றி, பம்ப் செய்து ஹோஸ் வரைக்கும் இறக்கி, ஓர் இரவு விட்டால் ஓரளவு இளகும். உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று தோன்றுகிறது. வால்வை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி, துறைக்கு எடுத்துப் போய் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடியுங்கள். ஓடு ஓடாக உதிரும். ஹோஸே பழசாக இருந்தால் புதிதாக மாற்றுவது நல்லது. வெளியேறும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் கிண்ணம் காலியானதும் நிறுத்தாமல், ஹோஸ் முழுவதும் கழுவிப் போகும் அளவுக்குக் கூடுதலாகப் பம்ப் செய்யுங்கள். படகுக்கு வரும் விருந்தாளிகளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.